டர்பன்ல வேலை, பல்லிட்டோல வீடு, பிள்ளைங்களோட சரிவருமா?

சென்னைலேர்ந்து ரெண்டு பிள்ளைங்களோட வர்றீங்க, தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல வேலை, அதுக்கு வடக்கே கடலோரம் இருக்கிற பல்லிட்டோங்கிற ஊர்ல குடியிருக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. தாராளமா இருக்கலாம், ஆனா வீட்டுக்கு டெபாசிட் கட்டறதுக்கு முன்னாடி ஸ்கூல் சீட்டை உறுதி பண்ணிக்குங்க. இங்க ஸ்கூல் வருஷம் ஜனவரில ஆரம்பிக்குது, ஊர்ல மாதிரி ஜூன்ல இல்ல, அதனால நடு வருஷத்துல வந்தா பிள்ளை பாதி பாடத்துல போய் உட்காரணும், சின்னதுங்க சமாளிச்சிடும், பெரிய கிளாஸ்னா ரொம்ப கஷ்டம். தடுப்பூசி கார்டு, பர்த் சர்டிபிகேட், படிக்கிறதுக்கான விசா எல்லாம் கையோட கொண்டு வாங்க. இங்கிலீஷோட இன்னொரு மொழியும் படிக்கணும், பெரும்பாலும் ஜூலு இல்லன்னா ஆஃப்ரிக்கான்ஸ், நான் ஜூலுதான் சொல்வேன், சுத்தி இருக்கிற ஜனங்க பேசறது அதுதானே.

பல்லிட்டோலேர்ந்து டர்பனுக்கு தூரம் சுமார் 40 கிலோமீட்டர், என்2 நெடுஞ்சாலை, வழில டோல் உண்டு, காலைல வழில இருக்கிற உம்ஷ்லாங்கா ஊர் பக்கம் நெரிசல்.

கடல் விஷயத்துல மட்டும் கண்டிப்பா இருங்க. நம்ம மெரினா மாதிரிதான், அலை உள்ள இழுக்கும், லைஃப்கார்டு கொடி நட்ட இடத்துக்குள்ளதான் பிள்ளைங்க இறங்கணும். ஜூன் ஜூலைல மத்தி மீன் கூட்டம் வர்றப்போ குளிக்கிறவங்ககிட்ட சுறா வராம இருக்கக் கடல்ல கட்டியிருக்கிற வலையை எடுத்துடுவாங்க, அப்போ குளிக்கத் தடைன்னா தடைதான்.

இங்க நம்மாளுங்க வீட்லயும் இங்கிலீஷ்தான் அதிகம், அதனால தமிழை நீங்கதான் வீட்ல பேசிக் காப்பாத்தணும். மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் பக்கம்தான், ஈஸ்டர் திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போங்க, பிள்ளைங்க சீக்கிரம் பழக்கமாயிடுவாங்க.