தோள் வலியோடு கயிறு ஏறலாமா?

உடற்பயிற்சி, காயம், வலி பற்றிய வாசகர் கேள்விகளுக்குக் கிருஷ்ணகிரியில் பிசியோதெரபி கிளினிக் நடத்தும் நம் பத்தியாளர் பதில் சொல்கிறார்.

கேள்வி: அக்கா, எனக்கு வயது 23. காவலர் தேர்வுக்குத் தயாராகிறேன். உடல்தகுதித் தேர்வுக்கு இன்னும் ஏழெட்டு வாரம்தான் இருக்கும். ஒரு மாதமாக பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் மல்லாக்கப் படுத்து எடைக் கம்பியான ராடை மேலே தள்ளுவது) போடும்போது வலது தோளின் முன்பக்கம் வலிக்கிறது. கயிறு ஏறினாலும் அதே இடம். ஜிம் மாஸ்டர், "வலியைப் பார்த்தா பலம் ஏறாது, போடு" என்கிறார். அம்மா, "ஒரு மாசம் எதையும் தொடாதே" என்கிறார். பளுதூக்கும் வீரர் வேலூர் சதீஷ் சிவலிங்கம் தொடைக் காயத்தோடு காமன்வெல்த்தில் தங்கம் வாங்கினாரே, நான் மட்டும் ஏன் நிறுத்த வேண்டும்? வார இறுதியில் அப்பாவுக்கு உதவியாக மரவள்ளி மூட்டை ஏற்றவும் போகிறேன். (வாசகர், பென்னாகரம்)

பதில்: தம்பி, மூட்டை விஷயத்தைக் கடைசியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. வாரத்தில் ஐந்து நாள் ஜிம், நடுவில் கயிறு, வார இறுதியில் சேகோ மில்லுக்குப் போகிற லாரியில் மூட்டை ஏற்றுவது. உங்கள் தோளுக்கு இந்த ஒரு மாதத்தில் விடுமுறையே கிடைத்திருக்காது. நீங்கள் ஜிம் கணக்கை மட்டும் எழுதி வைத்திருப்பீர்கள், தோள் எல்லாக் கணக்கையும் சேர்த்துத்தான் வைத்திருக்கும். பெஞ்ச் பிரஸ்ஸை நிறுத்திவிட்டு ஞாயிற்றுக்கிழமை மூட்டையைத் தோளில் ஏற்றினால் அதற்குப் பெயர் ஓய்வு இல்லை.

நேரில் பார்க்காமல் உங்களுக்கு இன்னதுதான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அடிபடாமல், விழாமல், மெல்ல மெல்ல வந்த முன்பக்கத் தோள் வலி, ராடு நெஞ்சுக்கு இறங்கும்போது கூடுகிறதென்றால், பெரும்பாலும் தசைநாண்களைத்தான் முதலில் சந்தேகப்படுவோம். தசை சில வாரங்களில் பலம் ஏறிவிடும். தசையை எலும்போடு கட்டியிருக்கும் நாண் அவ்வளவு வேகமாகத் தேறாது. தேர்வு நெருங்குகிறது என்று எடையையும் கயிற்றையும் ஒன்றாகக் கூட்டும்போது நாண் பின்தங்கி வலிக்க ஆரம்பிக்கிறது. இந்த வகை வலிக்கு முழு ஓய்வு கொடுத்தால் வலி அடங்கும். ஆனால் நாண் பலமாகாது, இருக்கிற பலமும் குறையும். ஒரு மாதம் கழித்துப் பழைய எடையில் போய்ப் படுத்தீர்கள் என்றால் முதல் வாரத்திலேயே வலி திரும்பி வரும். அம்மாவின் யோசனையில் எனக்கு இருக்கிற கவலை இதுதான். மாஸ்டர் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. வலியை மிதித்துக்கொண்டு அதே எடையைப் போட்டால், ஏழெட்டு வாரத்தில் முடிய வேண்டியது ஆறு மாதத்துக்கு இழுக்கும்.

அப்படியானால் எவ்வளவு வலிவரை போகலாம்? வலிக்குப் பத்துக்கு மார்க் போடுங்கள். பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை, பத்து என்றால் தாங்கவே முடியாது. பயிற்சியின்போது மூன்று வரை இருந்தால் பயப்பட வேண்டாம். நான்கு, ஐந்து என்றால், முடித்த பிறகு அது தணிகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு மேலே போனால் அந்த செட்டை அங்கேயே நிறுத்துங்கள். உண்மையான தீர்ப்பு மறுநாள் காலையில் வரும். எழுந்ததும் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பாருங்கள். முந்தைய நாள் காலை போலவே இருந்தால் நீங்கள் செய்த அளவு சரி. கூடியிருந்தால் அளவு அதிகம், அடுத்த முறை குறைக்க வேண்டும். நம்மூரில் இந்தக் காலைக் கணக்கை யாருமே பார்ப்பதில்லை. ஜிம்மில் உடம்பு சூடாக இருக்கும்போது வலி மறைந்துவிடும், அதை நம்பி இன்னும் ரெண்டு செட் போட்டுவிடுகிறார்கள்.

2007-ல் சுவீடனில் குதிகால் நாண் வலி உள்ளவர்களிடம் இதைச் சோதித்தார்கள். இரு பிரிவினருக்கும் ஒரே சிகிச்சைப் பயிற்சி. ஒரு பிரிவினர் முதல் ஆறு வாரம் ஓடுவதையும் குதிப்பதையும் விட்டுவிட்டார்கள். இன்னொரு பிரிவினர் வலி ஐந்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டு ஓடினார்கள். ஓடியவர்களுக்கு அதனால் கெடுதல் எதுவும் வரவில்லை. தோளும் குதிகாலும் ஒன்றில்லை என்றாலும், நாண் வலிக்கு நாங்கள் இன்று வைத்திருக்கும் வழிமுறை இதே பாதைதான்.

இனி உங்கள் வேலை. முதல் இரண்டு வாரம் ராடு வேண்டாம். தரையில் மல்லாக்கப் படுத்து, டம்பெல்லை உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி பிடித்துத் தூக்குங்கள். முழங்கை தரையில் முட்டி நின்றுவிடும் என்பதால் தோள் பின்னால் அதிகம் இழுபடாது. இப்போது போடும் எடையில் பாதி போதும், இறக்கும்போது மூன்று எண்ணி இறக்குங்கள். சுவரோரம் நின்று, முழங்கையை மடக்கி, முஷ்டியால் சுவரை முன்னோக்கி அழுத்தி முப்பது, நாற்பது விநாடி அப்படியே பிடியுங்கள், ஐந்து முறை. இது பலருக்கு வலியையும் தணிக்கும். கயிற்றை விட வேண்டாம், ஏறுவதை மட்டும் விடுங்கள். கயிறுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, கயிற்றைப் பிடித்து எழுந்து நில்லுங்கள். கால் தரையில் இருப்பதால் எவ்வளவு பாரம் கைக்குப் போகிறது என்பது உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். காலைக் கணக்கு சரியாக இருந்தால் மூன்றாவது வாரம் பாதி உயரம், அப்புறம் முழு உயரம். முழு உயரம் வந்த பிறகும் தினமும் ஏறாதீர்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். ஓட்டம், நீளம் தாண்டுதல், ஸ்குவாட் எதையும் நிறுத்த வேண்டாம். இடது கையையும் விடாதீர்கள். ஒரு பக்கத்துக்குப் பயிற்சி கொடுத்தால் மறுபக்கத்திலும் ஓரளவு பலம் கூடுகிறது என்பதை 1894-லேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கவனித்திருக்கிறார்கள்.

அப்பாவிடம் நேராகப் பேசுங்கள். தேர்வு முடியும் வரை மூட்டையைத் தலைக்கு மேலே தூக்கி லாரியில் போடும் வேலை வேண்டாம். எடை போடுவது, கணக்கு எழுதுவது, மூட்டை தைப்பது, எதையாவது செய்து கொடுங்கள். மகன் காவலர் ஆவதற்காக என்றால் அப்பா கேட்பார்.

சதீஷ் சிவலிங்கத்தைச் சொன்னீர்கள். எனக்கும் அவர்மேல் பெரிய மரியாதை உண்டு. தேசியப் போட்டியில் 194 கிலோவை முயன்றபோது தொடையில் காயம், அப்புறம் 2018 கோல்டு கோஸ்டில் 77 கிலோ பிரிவில் தங்கம். ஆனால் எண்களைப் பாருங்கள். 2014 கிளாஸ்கோவில் அவர் தூக்கிய மொத்தம் 328 கிலோ. கோல்டு கோஸ்டில் இரு வகைத் தூக்கலிலும் 144-ம் 173-ம் சேர்த்து 317. தங்கம் உறுதியான பிறகு கடைசி முயற்சியை அவர் எடுக்கவே இல்லை. காயத்தோடு ஜெயித்தவர் தேவையான அளவுக்கு மட்டும் தூக்கினார். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

இதெல்லாம் மெல்ல வந்த வலிக்கு மட்டும். பயிற்சியின் நடுவில் "டப்"பென்று சத்தம் கேட்டு அக்குளோ மேற்கையோ கருநீலமாகக் கன்றினால், கையைத் தூக்கவே முடியாமல் போனால், விரல்கள் மரத்தால், ராத்திரி தூங்க விடாமல் வலித்தால், ஜிம்மும் வேண்டாம், நாட்டுக்கட்டும் வேண்டாம். எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அறுந்த தசைநாணைத் தைப்பதற்கு நாள் கடத்தினால் கடத்துகிற அளவுக்கு வேலை கஷ்டமாகும்.

கேள்வி: நான் பாலக்கோட்டில் ஆசிரியை, வயது 43. ஜிம்மில் டெட்லிஃப்ட் (தரையில் இருக்கும் ராடைக் குனிந்து பிடித்து நிமிர்வது) செய்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. பத்து நாளாகிறது. நடக்க முடிகிறது, குனிந்தால் மட்டும் பிடிக்கிறது. இனி வாழ்நாள் முழுக்க எடையே தூக்கக் கூடாது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

பதில்: டீச்சர், வாழ்நாள் முழுக்க எடை தூக்காத பெண்ணை நான் நம் மாவட்டங்களில் இன்னும் பார்க்கவில்லை. தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், மாவு அரைக்கக் கொண்டுபோகும் கேழ்வரகு, தூக்கிக்கொள்ளச் சொல்லும் பேரக்குழந்தை. ஜிம்மை விட்டால் இவையும் விட்டுப்போய்விடாது. இவற்றைப் பலமில்லாத இடுப்போடு தூக்குவீர்கள், அவ்வளவுதான். நாற்பதுக்குப் பிறகு தசையும் எலும்பும் தானாகவே குறைய ஆரம்பிக்கின்றன, அதனால்தான் உங்களை எடையை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இடுப்புப் பிடிப்புக்கு ஒரு காலத்தில் வாரக்கணக்கில் கட்டிலில் படுக்க வைத்தார்கள். 1986-ல் அமெரிக்காவில் ஒரு பிரிவினரை இரண்டு நாள், இன்னொரு பிரிவினரை ஏழு நாள் படுக்கச் சொல்லி ஒப்பிட்டார்கள். ஏழு நாள் படுக்கச் சொன்னதால் எந்த லாபமும் இல்லை. இரண்டு நாள்காரர்கள் வேலைக்கு லீவு போட்ட நாட்கள் 45 சதவீதம் குறைவு. அதற்குப் பிறகு மருத்துவ உலகமே நடக்கச் சொல்ல ஆரம்பித்துவிட்டது.

நீங்கள் தினமும் நடங்கள். வகுப்பில் தொடர்ந்து நிற்காமல் இடையிடையே உட்கார்ந்து எழுங்கள். குனிவது ஓரளவு இலகுவானதும் டெட்லிஃப்டைத் தரையிலிருந்து தொடங்காதீர்கள். ராடை முழங்கால் உயரத்தில் ஸ்டாண்டிலோ உறுதியான மேடையிலோ வைத்து, வெறும் ராடை மட்டும் தூக்குங்கள். மேலே பென்னாகரத்துத் தம்பிக்குச் சொன்ன அதே காலைக் கணக்குதான். காலையில் இடுப்பு கூடுதலாக இறுகாமல் இருந்தால் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் எடை சேருங்கள், அப்புறம் உயரத்தைக் குறையுங்கள். பழைய எடைக்குப் போக மாதங்கள் ஆகலாம். பரவாயில்லை, உங்களுக்கு எந்தத் தேர்வும் காத்திருக்கவில்லை.

ஒன்றை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். பாதம் தொய்ந்து நடக்கத் தடுக்கினால், சிறுநீர் கழிப்பது தெரியாமலோ முடியாமலோ போனால், இரு தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனால், அது நடுராத்திரியாக இருந்தாலும் கிளம்பிவிடுங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்கு எட்டும் தூரம்தான்.

கேள்வி: மாங்காய் சீசனில் மண்டியில் லோடு வேலை, சாயங்காலம் ஜிம். முழங்கை வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சி செய்கிறேன். தொடரலாமா? (வாசகர், காவேரிப்பட்டணம்)

பதில்: பயிற்சிக்கு முன்னால் வலி மாத்திரை வேண்டாம். எந்த எடையில் நிறுத்த வேண்டும் என்று சொல்கிற ஒரே ஆள் வலிதான், அதைத் தூங்க வைத்துவிட்டு ராடைத் தூக்கினால் எது அதிகம் என்று உங்களுக்குத் தெரியாது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்றவை வெறும் வயிற்றில் புண்ணாக்கும். மே மாத வெயிலில் வியர்த்து, தண்ணீர் போதாமல் இருக்கும்போது சிறுநீரகத்துக்கும் ஆபத்து. கடையில் கேட்டு வாங்கித் தினமும் போடுகிறீர்கள் என்றால் இன்றே ஒரு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

வலிக்கிற மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். முழங்கை நாண் வலிக்கு அது சில வாரம் சுகம் தரும், ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ஊசி போட்டவர்கள் போடாதவர்களைவிடப் பின்தங்கியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

சீசன் முடியும் வரை ஜிம்முக்கு வாரம் இரண்டு நாள் போங்கள், காலுக்கும் முதுகுக்கும் மட்டும். கைக்கு மண்டியிலேயே வேண்டிய பயிற்சி கிடைக்கிறது. கிரேட்டைத் தூக்கும்போது உள்ளங்கை மேலே பார்த்திருக்கட்டும், கவிழ்த்துப் பிடித்தால்தான் முழங்கையின் வெளிப்பக்கம் அதிகம் இழுபடும். எந்த மாத்திரை, எத்தனை நாளாக, வலி முழங்கையின் எந்தப் பக்கம் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.