ஒரே ஊசி, அண்ணனுக்கு மட்டும் ஏன் தங்கியது?

மஞ்சள் காமாலை பற்றி டில்லித் தமிழர்கள் கேட்டவற்றுக்கு, நோய் எதிர்ப்பியல் ஆய்வகத்தில் வேலை பார்த்த அக்காவின் பதில்கள்.

மயூர் விஹார்: அக்கா, ஒரே கிளினிக்கில் ஊசி போட்டு எனக்கும் தம்பிக்கும் ஹெபடைடிஸ் சி வந்தது. அவனுக்குத் தானாகப் போய்விட்டது, எனக்குத் தங்கிவிட்டது. ஒரே அப்பா அம்மாதானே?

உங்கள் மேல் தப்பு எதுவும் இல்லை. கல்லீரலைத் தாக்கும் இந்த சி வைரஸ் தொற்றியவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் மருந்தில்லாமலே போய்விடும். வைரஸ் புகுந்த செல்லை அழிக்கும் இயற்கைக் கொல்லி செல்களில் கேஐஆர் என்ற ஏற்பிகள் உண்டு. அவற்றில் சில பிரேக் மாதிரி. நம் செல்லின் மேலுள்ள எச்எல்ஏ புரதம் பட்டதும், 'இது நம்ம ஆள்' என்று கொல்லி செல் அடங்கும். கேஐஆர்2டிஎல்3 என்ற ஏற்பி வகை, எச்எல்ஏ-சி1 என்ற புரத வகை இரண்டும் தாய்வழி, தந்தைவழி இரு பக்கமும் வாய்த்தவர்களுக்கு இந்தப் பிரேக் தளர்வு. அவர்கள் வைரஸை விரட்டும் வாய்ப்பு அதிகம் என்று 2004இல் கண்டார்கள். ஏற்பியின் மரபணு 19ஆம் குரோமோசோமில், எச்எல்ஏ 6ஆம் குரோமோசோமில். தனித்தனியாக வருவதால் அண்ணன் தம்பிக்குள்ளேயே ஜோடி மாறும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ஆனால் ரத்தம் ஏற்றித் தொற்றியவர்களிடம் இந்த நன்மை தெரியவில்லை. வைரஸ் வெள்ளமாக வந்தால் தளர்ந்த பிரேக்கும் போதாது போல. உங்கள் வீட்டில் இதுதான் காரணம் என்று சோதிக்காமல் சொல்ல மாட்டேன்.

ஜனக்புரி: அப்படியானால் சிகிச்சைக்கு முன் மரபணு சோதனை வேண்டுமா?

வேண்டாம். மாத்திரைக்கு முன், இன்டர்ஃபெரான் ஊசி காலத்தில் ஐஎல்28பி என்ற மரபணுவைச் சோதிப்பது உதவியது. இப்போது பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரை, 100இல் 95 பேருக்கு மேல் குணம். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசம்.

கரோல் பாக்: 1955இல் தாத்தாவுக்கு யமுனைத் தண்ணீரால் காமாலை. எங்களுக்கும் வருமா?

பரம்பரையாக வராது. குடிநீரில் கழிவு கலந்து அப்போது டில்லியில் 29,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். அது ஹெபடைடிஸ் ஈ வைரஸ் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆர்.கே.புரம்: மாமியார், கணவர், நாத்தனார் மூவருக்கும் ஹெபடைடிஸ் பி. எனக்கு ஏழாம் மாதம். பரம்பரை வியாதிதானே அக்கா?

இல்லையம்மா. தாயிடமிருந்து பிரசவத்தில் பிள்ளைக்கு வைரஸ் போவதுதான் பரம்பரை போலத் தெரிகிறது. எச்எல்ஏ-டிபி மரபணுவுக்கும் பங்குண்டு என்று 2009இல் ஜப்பானில் கண்டார்கள். ஆனால் வயதுதான் பெரிய விஷயம். பிறக்கும்போது தொற்றினால் சுமார் 90 சதவீதம் பேருக்குத் தங்கிவிடும், பெரியவர்களுக்கு 5 சதவீதத்துக்கும் கீழே. உங்களுக்கு பி வைரஸ் இருக்கிறதா என்று காட்டும் எச்பிஎஸ்ஏஜி ரத்தச் சோதனையை இந்த வாரமே பாருங்கள். நெகட்டிவ் என்றால் நீங்களும் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். பாசிட்டிவ் என்றால் பிள்ளைக்குத் தடுப்பூசியோடு, ஆயத்த எதிர்ப்பொருள் ஊசியான இம்யூனோகுளோபுலினும் வேண்டும். எப்படியானாலும் பிள்ளைக்கு முதல் தடுப்பூசி பிறந்த 24 மணி நேரத்துக்குள். பிரசவக் களைப்பில் உங்களுக்கு நினைவிருக்காது, கூட இருக்கப்போகும் அம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.