பரேசி ஏன் போகவில்லை?

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். போன மாதக் கட்டுரையில் போகிறபோக்கில் இத்தாலியக் கால்பந்து வீரர் ஃபிராங்கோ பரேசியைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள், ஏசி மிலான் கிளப்பில் 20 சீசன் ஆடிய தடுப்பாட்டக்காரர், வேறு கிளப் சட்டையே போடாதவர் என்று. ஒரு வாரமாக அந்த வரி என்னை விடவில்லை. நான் கூத்தாநல்லூர் பக்கம். எங்கள் ஊர் கால்பந்து டீமில் 9 வருடமாக ஸ்டாப்பர், அதாவது நடுவில் நின்று தடுப்பவன், அதில் 5 வருடமாக கேப்டன். என்னோடு ஆட ஆரம்பித்தவர்களில் பாதிப்பேர் சிங்கப்பூர், துபாய், திருப்பூர் என்று போய்விட்டார்கள். பந்து வாங்கவே கடைகடையாக வசூலுக்கு ஏற வேண்டியிருக்கிறது. இப்போது தஞ்சாவூரில் ஒரு டீம் கூப்பிடுகிறது. பஸ் செலவு, பூட்ஸ், ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கையில் கொஞ்சம் காசு, நல்ல கோச். போகலாமா என்று வாயெடுத்ததுமே ஊரில் துரோகி என்கிறார்கள்.

என் கேள்வி இதுதான். பரேசி போகாமல் இருந்தது விசுவாசமா, இல்லை, மிலான் மாதிரிப் பெரிய கிளப்பில் இருந்ததால் போகவேண்டிய தேவையே வரவில்லையா? சம்பளமும் கோப்பையும் இருந்த இடத்துக்கே வந்தால் நானும்தான் இருப்பேன். தவறாக நினைக்காமல் பதில் போடுங்கள். பெயர் வேண்டாம்.

அன்புள்ள தம்பிக்கு,

தவறாக நினைக்க என்ன இருக்கிறது, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. நான் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போனதுதான் சரியில்லை. இருந்த இடத்துக்கே கோப்பை வந்தது என்று நீங்கள் நினைக்கக் காரணம், பரேசியை நாம் எல்லோரும் 1988க்குப் பிறகுதான் பார்க்கிறோம். அதற்கு முந்தைய பரேசியைச் சொல்கிறேன்.

பிரெசியா பக்கத்தில் திராவல்யாத்தோ என்ற சின்ன ஊரில் 1960ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே அம்மா, அப்பா இருவரையும் இழந்தவர். அண்ணன் ஜுசெப்பேயை இன்டர் மிலான் எடுத்துக்கொண்டது, தம்பி ஃபிராங்கோவை உடம்பு போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டது. பிறகுதான் அதே மிலான் நகரத்தின் எதிர்த்த வீடான ஏசி மிலான் சேர்த்துக்கொண்டது. 1978ல், 18 வயது முடிவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, முதல் லீக் ஆட்டம். அடுத்த சீசனிலேயே அணியின் நிரந்தர ஆள், அந்த சீசனிலேயே லீக் பட்டமும். அதுவரை நீங்கள் சொல்வது சரி.

அப்புறம் 1980. இத்தாலியை உலுக்கிய சூதாட்ட ஊழலில் மிலானை இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கிவிட்டார்கள். இருபது வயதுப் பையன், முந்தின வருட சாம்பியன், இரண்டாம் டிவிஷனில் போய் ஆடினான். ஒரே வருடத்தில் அணி மேலே வந்தது. அடுத்த சீசனில் ரத்தத்தில் நோய் வந்து அவர் சில மாதம் ஆட முடியாமல் படுத்தார், அந்த சீசன் முடிவில் மிலான் மறுபடியும் இறங்கியது. இந்த முறை ஊழல் எதுவும் இல்லை, ஒழுங்காக ஆடவில்லை, அவ்வளவுதான்.

அந்த 1982 கோடையை மட்டும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இத்தாலி உலகக் கோப்பையை வென்றது. பரேசி அந்த அணியில் இருந்தார், ஒரு நிமிடம்கூடக் களமிறங்கவில்லை. மிலானில் அவருக்குப் பக்கத்தில் நின்று தடுப்பாட்டம் ஆடிய கொலோவாத்தி அதே உலகக் கோப்பையில் ஆடி வென்றார், அந்தக் கோடையிலேயே இன்டருக்குப் போனார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், வயிற்றுப்பாடும் வாழ்க்கையும் அவரவருடையது. ஆனால் உலகக் கோப்பைப் பதக்கத்தோடு திரும்பிய 22 வயது பரேசி, கேப்டன் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு, மறுபடியும் இரண்டாம் டிவிஷனில் போய் நின்றார். போகவேண்டிய தேவை வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, இரண்டு தடவை வாசல்வரை வந்தது தம்பி.

1979ல் கிடைத்த லீக் பட்டத்துக்குப் பிறகு அடுத்தது 1988ல். நடுவில் 9 வருடம். நீங்கள் எழுதிய அதே 9.

சரி, ஏன் இருந்தார்? அவர் மனதுக்குள் போய்ப் பார்க்க என்னால் முடியாது. இருந்ததால் என்ன விளைந்தது என்று சொல்ல முடியும், ஸ்டாப்பராகிய உங்களுக்கு அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

ஃபார்வர்டு ஒருவன் எந்த டீமுக்குப் போனாலும் அவன் காலும் வேகமும் கூடவே வரும். தடுப்பாட்டம் அப்படியில்லை, உங்களுக்கே தெரியும். பக்கத்தில் நிற்பவன் எப்போது முன்னேறுவான், எப்போது பயந்து ஒரு அடி பின்வாங்குவான், எந்தக் காலால் பந்தை அடித்து விரட்டுவான் என்பதெல்லாம் சேர்ந்துதான் உங்கள் ஆட்டம். 1987ல் அரிகோ சாக்கி கோச்சாக வந்தார், தொழில்முறையில் பந்தே ஆடாத மனிதர், ஒரு காலத்தில் செருப்பு வியாபாரம் பார்த்தவர். ஆஃப்சைடு கோட்டை, அதாவது பந்து வருமுன் எதிராளி தாண்டி நிற்கக்கூடாத தடுப்பாட்டக்காரர்களின் வரிசையை, மைதானத்தின் நடுப்பக்கம்வரை ஏற்றி ஆடச் சொன்னார். நாலு பேரும் ஒரே நொடியில் ஏற வேண்டும், ஒருவன் ஒரு அடி தங்கினாலும் எதிராளி தனியாகக் கோலியிடம் போய்விடுவான். அந்த நொடியைச் சொல்கிறவர் பரேசி, கை உயர்ந்தால் கோடு நகரும். பயிற்சியில் கோலியையும் நாலு தடுப்பாட்டக்காரர்களையும் ஒரு பக்கம் நிறுத்தி, எதிரே பத்துப் பேரை விட்டு, கால் மணி நேரத்தில் ஒரு கோல் போடுங்கள் என்பாராம் சாக்கி. போட முடிந்ததே இல்லை என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார்.

யார் அந்த நாலு பேர்? தசோத்தி, 1980ல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிய நேரத்தில் வந்து சேர்ந்தவர். கோஸ்தாகூர்த்தாவும் மால்தினியும் மிலானின் சிறுவர் அணியிலேயே வளர்ந்தவர்கள், மால்தினி முதல் லீக் ஆட்டம் ஆடிய 1985 ஜனவரியில் அவருக்கு வயது 16. நாலாவது பரேசி. எல்லோரும் வருடக்கணக்காக ஒருவர் பக்கத்தில் ஒருவர் நின்றவர்கள். 1991-92 சீசனில் 34 லீக் ஆட்டத்திலும் தோற்கவில்லை. 1993-94ல் 34 ஆட்டத்தில் வாங்கிய கோல் 15, போட்டது வெறும் 36, ஆனாலும் சாம்பியன். இந்தக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

எங்கள் மாமா நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் லஸ்கராக, ஷட்டர் திறந்து மூடும் பாசன ஊழியராக, இருந்தவர். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் மூன்றாகப் பிரிகிற இடம். ஷட்டரை எத்தனை திருப்பு திருப்பினால் எந்த ஆற்றில் எவ்வளவு போகும் என்பதை எந்தத் தாளும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி மழை பிடித்தால் யாரும் கூப்பிடாமலே எழுந்து போவார், எந்தக் கரை தாங்காது என்று அவருக்குத் தெரியும். அவருக்குப் பிறகு மாற்றலில் வந்தவரும் கெட்டிக்காரர்தான், அந்த ஆற்றைப் புரிந்துகொள்ள அவருக்கு மூன்று சாகுபடி ஆயிற்று. பரேசி கை தூக்குவதைப் பார்க்கும்போது மாமா ஞாபகம் வராமல் இருந்ததில்லை.

1994ஐச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனமில்லை. உலகக் கோப்பையில் நார்வேக்கு எதிரான ஆட்டத்தில் முட்டி ஜவ்வு கிழிந்தது, ஆபரேஷன். 34 வயது. 24 நாள் கழித்து இறுதி ஆட்டத்தில் வந்து நின்றார், அமெரிக்காவின் பசடேனாவில், பகல் வெயிலில், பிரேசிலின் ஃபார்வர்டுகள் ரொமாரியோவுக்கும் பெபேட்டோவுக்கும் எதிரே. நம் ஊரில் ராத்திரி ஒரு மணி, பக்கத்து வீட்டு டிவி முன்னால் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். 120 நிமிடம், பிரேசிலுக்கு ஒரு கோல் கிடையாது. முதல் பெனால்டி அவர்தான் எடுத்தார், கோல் கம்பத்துக்கு மேலே போயிற்று. கடைசிப் பெனால்டியை இத்தாலியின் பாஜியோ தவறவிட்டு கோப்பை பிரேசிலுக்குப் போனதைத்தான் உலகம் பேசுகிறது, நான் பார்த்தது பரேசி அழுததை. அதற்குப் பிறகும் மூன்று வருடம் மிலானுக்கு ஆடிவிட்டு 1997ல் நிறுத்தினார். 719 ஆட்டம். 6ஆம் எண் சட்டையை அந்த கிளப் அதன்பிறகு யாருக்கும் கொடுக்கவில்லை.

இப்போது உங்கள் விஷயம். பரேசி பெயரைச் சொல்லி உங்களைக் கட்டிப்போட யாருக்கும் உரிமை கிடையாது, எனக்கும் கிடையாது. அவருக்கு மிலான் சம்பளம் கொடுத்தது, ஆபரேஷன் என்றால் டாக்டர் இருந்தார். உங்கள் முட்டி கிழிந்தால் துரோகி என்கிறவர்கள் யாராவது மன்னார்குடி ஆஸ்பத்திரிக்குக் கூட வருவார்களா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். கூப்பிட்ட இடத்துக்குப் போவது துரோகம் இல்லை. விசுவாசம் என்பது தானாகக் கொடுப்பது, வசூல் பண்ணுவதற்கு அது பந்துக்கான சந்தா இல்லை.

ஒன்று மட்டும் யோசித்துவிட்டு முடிவெடுங்கள். உங்கள் இடப்பக்கமும் வலப்பக்கமும் நிற்பவர்கள் யார்? இன்னும் நாலைந்து வருடம் ஊரில் இருக்கப்போகிற பையன்களா? நீங்கள் கை தூக்கினால் ஏறுகிறார்களா? அப்படி ஒருவரோ இருவரோ இருந்தால், தஞ்சாவூரில் காசு கொடுத்தாலும் அதை உடனே வாங்க முடியாது, திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். எல்லோரும் பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் என்றால் நீங்கள் மட்டும் தனியாகக் கோடு பிடிக்க முடியாது, தாராளமாகப் போங்கள், இந்தப் பதிலை ஊரில் காட்டுங்கள்.

போவதாக இருந்தாலும் இந்த சீசனை முடித்துவிட்டுப் போங்கள். டீமில் ஒரு பதினாறு வயதுப் பையன் இருப்பான், எந்த டீமிலும் இருப்பான். அவனைப் பக்கத்தில் நிறுத்தி எப்போது ஏறுவது, எப்போது பொறுப்பது என்று வாயால் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுங்கள். அடுத்த ஆட்டம் என்றைக்கு, எந்தத் திடலில் என்று ஒரு வரி எழுதுங்கள், மன்னார்குடி பஸ் பிடித்து வந்துவிடுகிறேன். கோல் போஸ்ட் பின்னால்தான் நிற்பேன், அங்கிருந்துதான் கோடு தெரியும்.