காத்துல விருந்து, மண்ணுல பட்டினி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கார்பன் டை ஆக்சைடு கூடக்கூட மரமெல்லாம் சூப்பரா வளரும், க்ளைமேட் சேஞ்சுக்கு பயப்படவே வேணாம்னு எங்க ஃபேமிலி குரூப்புல சித்தப்பா ஒரு வீடியோ போட்டாரு. நெசமாவா? (வாசகி, பல்லடம்)

பதில்: சித்தப்பா சொன்னதுல பாதி நெசம்ங்க. மரத்துக்கு அந்த வாயுதான் சாப்பாடு, கூட வச்சா கூட சாப்பிடும், ஆனா சாப்பிட்டது உடம்புல ஒட்டணுமே? அமெரிக்காவுல டென்னசி மாநிலத்துல ஓக் ரிட்ஜ்னு ஒரு ஊரு, அங்க ஸ்வீட்கம் மரத்தோப்புக்குள்ள குழாய் நட்டு வருஷக்கணக்கா அந்த வாயுவ ஊதிவிட்டு பாத்தாங்க. 2001லருந்து 2003 வரைக்கும் சாதா காத்துல நின்ன மரத்தவிட 24 சதவீதம் கூட வளர்ச்சி, எல்லாருக்கும் சந்தோஷம், 2008ல பாத்தா அது வெறும் 9 சதவீதம். மண்ணுல தழைச்சத்து (நைட்ரஜன்) பத்தல, அவ்வளவுதான் விஷயம்.

சிட்னி பக்கத்துல 2012ல ஆரம்பிச்சது இன்னும் சுவாரசியம். அது நட்டு வச்ச தோப்பு இல்ல, வயசான யூகலிப்டஸ் காடு, நம்ம சமவெளியில தைலமரம்னு நட்டு வச்சிருக்கோமே அதே இனம்தான். வாயுவ கூட்டிவிட்டதும் மரம் 12 சதவீதம் அதிகமா கார்பன உள்ள இழுத்துச்சு, ஆனா தண்டு மட்டும் பெருக்கவே இல்ல. இழுத்ததெல்லாம் வேர் வழியா மண்ணுக்கு எறங்கி, அங்க நுண்ணுயிருங்க தின்னு, மறுபடி காத்துக்கே வந்துருச்சு. அந்த மண்ணுல குறைச்சல் மணிச்சத்து (பாஸ்பரஸ்). டிஏபி உரம் போட்டா சரியாயிடுமேன்னு கேப்பீங்க, தோப்புக்கு போடலாம், காட்டுக்கு யாரு மூட்டை தூக்கிட்டு போறது?

இதெல்லாம் வாயு மட்டும் கூடினா நடக்கற கதை, சூடும் சேந்து ஏறுதே. அமெரிக்காவோட வடக்கு ஓரத்துல மினசோட்டா காட்டுல லேம்ப் வச்சு 1.6 டிகிரி சூடு ஏத்தி பாத்தாங்க, அதுக்கே ஃபிர், ஸ்ப்ரூஸ், பைன்னு குளிர்நாட்டு ஊசியிலை மரக் கன்னுங்க நிறைய செத்துச்சு இல்லன்னா குன்னிப்போச்சு, தெக்கத்தி மேப்பிளும் ஓக்கும் தாக்குப்பிடிச்சிருச்சு. சித்தப்பாவோட வீடியோவுல இது வந்துச்சான்னு கேளுங்க.

கேள்வி: பயோ கேஸ் பிளான்ட்டுக்கு நேப்பியர் புல்லு போடச் சொல்றாங்க, வெளிநாட்டுல புல்ல எரிச்சு கரண்டே எடுக்கறாங்களாம். வெயில் ஏறிட்டே போகுதே, புல்லு மட்டும் தாங்குமா? (வாசகர், பவானி)

பதில்: மரத்தவிட இந்த மாதிரி புல்லுக்கு ஒரு டெக்னிக் கூட தெரியும் சார். எல்லா இலையிலயும் ருபிஸ்கோன்னு ஒரு என்சைம் இருக்கு, கார்பன் டை ஆக்சைடப் பிடிக்கறதுதான் அதோட வேலை, ஆனா சூடு ஏறினா தடுமாறி ஆக்சிஜன அதிகமா பிடிச்சிக்கும், அப்புறம் அந்த தப்ப சரி பண்ணவே சக்தி வீணாப்போகும். கரும்பு, மக்காச்சோளம், கம்பு, நேப்பியர், ஏன் நம்ம அருகம்புல்லு கூட, முதல்லயே அந்த வாயுவ பம்ப் பண்ணி ருபிஸ்கோ கிட்ட குமிச்சு வச்சிடும். இதுக்கு பேரு சி4. நெல்லும் கிட்டத்தட்ட எல்லா மரமும் பம்ப் இல்லாத சி3 (ஹவாய் தீவுல கள்ளிக்கு சொந்தக்காரங்களான சில மரங்க மட்டும் விதிவிலக்கு, அது ஏன்னு யோசிச்சா எனக்கு தூக்கம் போயிடும்).

அதனால வெயில் தாங்கும். ஆனா ஏற்கனவே வயிறு ரொம்பினவனுக்கு எக்ஸ்ட்ரா சாப்பாடு எதுக்கு? அமெரிக்காவுல இல்லினாய்ஸ்ல மக்காச்சோளத்துக்கு வாயுவ கூட்டிவிட்டு பாத்தப்போ, மழை நல்லா இருந்த வருஷம் விளைச்சல் ஏறவே இல்ல. இலைத்துளை சுருங்கி தண்ணி மிச்சமாகுது, அதனால வறட்சியில மட்டும் லாபம். அங்க எரிக்கறதுக்குன்னு வளக்கற மிஸ்காந்தஸ் 3, 4 மீட்டர் போற புல்லு, 1935ல ஜப்பான்லருந்து டென்மார்க்குக்கு போனது, குளிர்லயும் அந்த பம்ப் நிக்காம ஓடும், ஆனா சீசன் நீளம்ங்கறதால மக்காச்சோளத்தவிட தண்ணி அதிகமா குடிக்குது. ஸ்விட்ச்கிராஸ்னு அமெரிக்க புல்லு இன்னொண்ணு, அதுல தெக்கத்தி ரகம் ஆளுயரம் தாண்டி வளரும், வடக்க கொண்டுபோனா குளிர்ல செத்துரும், வடக்கத்தி ரகம் குட்டை, ஆனா பொழச்சுக்கும். டெக்சாஸ்லருந்து சவுத் டகோட்டா வரைக்கும் 10 எடத்துல ஒரே புல்லுங்கள நட்டு இத பாத்திருக்காங்க. குளிர்காலம் இளகினா தெக்கத்தி ரகத்த இன்னும் வடக்க ஏத்தலாம், நம்பி ஏத்தி ஒரு வருஷம் கடுங்குளிர் வந்துச்சுன்னா மொத்தமும் போச்சு.

கேள்வி: அப்போ வருங்காலத்துல சி3 தான் ஜெயிக்கும்னு சொல்றீங்களா? (அதே பவானி வாசகர், ரெண்டாவது லெட்டர்)

பதில்: பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்லுச்சு, நானும் அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன். மினசோட்டாவுல சீடர் க்ரீக்ல 1998லருந்து 88 பாத்தி போட்டு சி3 புல்லு சி4 புல்லு ரெண்டுக்கும் வாயு ஊதினாங்க. முதல் 12 வருஷம் புத்தகத்துல இருக்கற மாதிரியே சி3 ஏறுச்சு, சி4 சும்மா இருந்துச்சு. அடுத்த 8 வருஷம் அப்படியே தலைகீழ், சி4 ஏறுச்சு, சி3க்கு லாபமே இல்ல! சி4 பாத்தியில மண்ணுலருந்து தழைச்சத்து கிடைக்கறது கூடிக்கிட்டே வந்திருக்கு, சி3 பாத்தியில குறைஞ்சிருக்கு. 12 வருஷத்துலயே மூட்டை கட்டிட்டு போயிருந்தாங்கன்னா தப்பான பதில்தான் புத்தகத்துல நின்னிருக்கும், அதான் 3 வருஷ ட்ரையல காட்டி ஏக்கருக்கு இவ்வளவுன்னு சத்தியம் பண்றவங்கள கண்டா நான் கொஞ்சம் தள்ளியே நிப்பேன்.

கேள்வி: மிஸ்காந்தஸ் விதை எங்க கிடைக்கும்? (வாசகர், அந்தியூர்)

பதில்: அதுக்கு விதையே கிடையாதுங்க, மலட்டுக் கலப்பினம், கிழங்கு மாதிரி இருக்கற வேர்த்தண்ட வெட்டித்தான் நடணும், அதுவும் குளிர் நாட்டுல வளக்கறது. கம்பு நேப்பியரும் மலடுதான், ஆனா கரணை பக்கத்து தோட்டத்துலயே கிடைக்கும். கரும்பையும் பேய்க்கரும்பையும் கலந்து 1918லயே கோ 205னு ஒரு ரகம் விட்ட கோயம்புத்தூர் உங்க பக்கத்துலதான் இருக்கு, ஒரு எட்டு போய் கேட்டுட்டு வாங்க.