ஏழாம் வாய்ப்பாடு ஏன் இந்தப் பாடு படுத்துகிறது?

கேள்வி: மகள் நான்காம் வகுப்பு. ஏழாம் வாய்ப்பாட்டை முதலிலிருந்து கடகடவென்று சொல்லிவிடுகிறாள். நடுவில் திடீரென்று "எட்டேழு எவ்வளவு?" என்றால், ஓரேழ் ஏழிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்துதான் ஐம்பத்தாறைப் பிடிக்கிறாள். இருபது தடவை எழுத வை என்கிறார் அவள் அப்பா. எழுத வைக்கட்டுமா?
– வாசகி, விருத்தாசலம்

வேண்டாம். இருபது தடவை எழுதச் சொன்னால் பிள்ளைகள் எப்படி எழுதுவார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? முதலில் 7 என்று மேலிருந்து கீழே பத்து முறை, அப்புறம் பெருக்கல் குறி பத்து, அப்புறம் ஒன்றிலிருந்து பத்து வரை, அப்புறம் சமக்குறிகள். கை பாட்டுக்கு எழுதும், மனசு டிவி பக்கம் இருக்கும்.

உங்கள் மகளுக்கு வாய்ப்பாடு ஒரு பாட்டாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. பாட்டின் எட்டாவது அடியை மட்டும் சொல் என்றால் நமக்கும் முதல் அடியிலிருந்து ஓட்டிப் பார்த்தால்தானே வரும்? அதனால் மறந்த இடத்தில் பிடித்து ஏற அவளுக்கு ஒரு கைப்பிடி வேண்டும், ஏழாம் வாய்ப்பாட்டில் அது நன்றாகவே இருக்கிறது. உங்கள் போனில் எண்களை அழுத்தும் பலகையைத் திறந்து அவள் கையில் கொடுங்கள். இடது ஓரத்தில் கீழிருந்து மேலே 7, 4, 1. நடு வரிசையிலும் அப்படியே 8, 5, 2. வலது ஓரம் 9, 6, 3. கடைசியில் 0. இப்போது 7, 14, 21, 28, 35, 42, 49, 56, 63, 70 என்று எழுதி, ஒன்றாம் இடத்து எண்களை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போகச் சொல்லுங்கள்.

அடுத்து ஒரு தாளில் அதே மாதிரி ஒன்பது கட்டம் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் இடப்பக்கம் பத்தாம் இடத்து எண்ணைச் சேர்த்து எழுதட்டும். கீழ் வரிசையில் 07, 28, 49. நடுவில் 14, 35, 56. மேலே 21, 42, 63. முன்னால் வந்த எண்களைப் பாருங்கள்: 0, 2, 4, அதற்கு மேல் 1, 3, 5, அதற்கு மேல் 2, 4, 6. இதை யாரும் மனப்பாடம் செய்யவே வேண்டாம், வெறும் கட்டத்திலிருந்து அரை நிமிடத்தில் அவளே போட்டுவிடுவாள். ஏன் இப்படி வருகிறது என்று அவள் கேட்டால் (கேட்கும் வரை காத்திருங்கள்), ஏழைக் கூட்டுவது என்பது பத்தைக் கூட்டி மூன்றைக் கழிப்பதுதான், அதனால்தான் கடைசி எண் மூன்று மூன்றாக இறங்குகிறது என்று சொல்லலாம். வலப்பக்கம் ஒரு கட்டம் நகர்ந்தால் மூன்று ஏழு, அதாவது 21 கூடுகிறது, ஆகவே முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றும் ஏறுகின்றன.

ஒன்று சொல்லவேண்டும். நான் வேலையில் சேர்ந்த புதிதில் இதையெல்லாம் கரும்பலகையில் அழகாக எழுதிக் காட்டினேன். பிள்ளைகள் அதையும் நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான், அது இன்னொரு வாய்ப்பாடாகிவிட்டது. போனைக் கொடுத்துவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொள்வதுதான் இதில் கஷ்டமான பகுதி.

மொத்தச் சுமையும் அவள் பயப்படும் அளவுக்கு இல்லை என்று காட்டுங்கள். பத்துக்குப் பத்து நூறு பெருக்கல், ஆனால் 3×8 தெரிந்தால் 8×3 தெரிந்த மாதிரிதான் என்பதால் அது 55 ஆகிவிடும். அதில் 1, 2, 5, 9, 10 சம்பந்தப்பட்டவை சுலபம், எடுத்துவிடலாம். மிச்சம் பதினைந்து.

கேள்வி: ஒன்பதாம் வாய்ப்பாட்டை விரலை மடக்கிச் சொல்ல என் பையனுக்கு ஆன்லைன் வீடியோ பார்த்துக் கற்றுக்கொடுத்தேன். இப்போது 12×9 கேட்டால் விரல் போதவில்லை என்கிறான்.
– வாசகர், தேனி

பையன் சரியாகத்தான் சொல்கிறான்! விரல் வித்தை தப்பில்லை. பத்து விரலையும் விரித்து, 4×9-க்கு இடமிருந்து நான்காவது விரலை மடக்கினால் இந்தப் பக்கம் 3, அந்தப் பக்கம் 6, அதாவது 36. ஆனால் அது ஏன் வருகிறது என்று தெரியாதவரை அது வித்தையாகவே நிற்கும், பத்துக்கு மேல் நகராது. ஒன்பது என்பது பத்தில் ஒன்று குறைவு. நான்கு ஒன்பது என்றால் நாற்பதில் நான்கு குறைவு, 36. பன்னிரண்டு ஒன்பது என்றால் 120-இல் 12 குறைவு, 108.

கேள்வி: எங்கள் காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து கத்திக் கத்தித்தான் படித்தோம். இன்றுவரை மறக்கவில்லை. இந்தக் குறுக்குவழி எல்லாம் மனப்பாடம் செய்யச் சோம்பேறித்தனம்தானே?
– மூத்த வாசகர், மன்னார்குடி

ஐயா, கோபிக்காமல் கேளுங்கள். மனப்பாடம் வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. கடைக்காரரிடம் சில்லறை வாங்கும்போது கட்டம் போட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆனால் திண்ணைப் பள்ளி எண்சுவடி, அதாவது அந்தக் கால வாய்ப்பாட்டுப் புத்தகம், வெறும் கத்தல் மட்டும் இல்லை. முந்திரி, காணி, மா, கால், அரை என்று பின்னக் கணக்குக்கும் அதில் வாய்ப்பாடு உண்டு. ஒவ்வொரு வாய்ப்பாட்டின் முடிவிலும் விடைகளை எல்லாம் கூட்டினால் எவ்வளவு என்பதும் சேர்ந்தே வரும். ஒன்றிலிருந்து பத்து வரை கூட்டினால் 55, அதனால் ஏழாம் வாய்ப்பாட்டின் கூட்டுத்தொகை 55×7, அதாவது 385. நடுவில் ஒரு வரி தவறினாலும் கூட்டுத்தொகை காட்டிக்கொடுத்துவிடும். ஒழுங்கு தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

பேரப்பிள்ளைகள் "செவன் எய்ட்ஸ்" என்று சொல்கிறார்களா? சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஈரேழு பதினான்கு உலகத்தை எடுத்துவிடுங்கள். ஆய கலைகள் 64, அது எட்டெட்டு. நாயன்மார் 63, அது ஏழொன்பது. ஒன்றுதான் வித்தியாசம், கவனித்தீர்களா? ஒரே எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் வருவதைவிட, அதன் இரண்டு பக்கத்து எண்களைப் பெருக்கினால் எப்போதும் ஒன்று குறையும். ஏழேழு 49, ஆறெட்டு 48. ஆறாறு 36, ஐயேழு 35. பேரனிடம் 20×20 நானூறு, அப்போது 19×21 எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: இருபதாம் வாய்ப்பாடு வரை மனப்பாடம் தேவையா?
– வாசகி, ஓசூர்

இல்லை. 16×7 என்றால் எழுபதும் நாற்பத்திரண்டும் சேர்ந்து 112. பத்து வரை உறுதியாக இருந்தால் போதும்.

கேள்வி: கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை நான். மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில். செலவில்லாமல் எல்லோருக்கும் சேர்த்து ஏதாவது செய்ய முடியுமா?
– வாசகி, கல்வராயன்மலை

சுண்ணக்கட்டி இருக்கிறதல்லவா, போதும். தரையில் பெரிய வட்டம் போட்டு, சுற்றிலும் சம இடைவெளியில் பத்துப் புள்ளி வையுங்கள், 0 முதல் 9 வரை. கோலம் போடத் தெரிந்த பெரிய பெண்ணிடம் விட்டால் உங்களைவிட நேர்த்தியாக வைப்பாள். பூஜ்யத்தில் தொடங்கி, வாய்ப்பாட்டின் ஒன்றாம் இடத்து எண்களை மட்டும் வரிசையாகக் கோடு போட்டு இணைக்க வேண்டும். சின்னவர்களுக்கு ஐந்தைக் கொடுங்கள், 0-க்கும் 5-க்கும் போய்வந்து ஒரே கோட்டோடு முடிந்துவிடும். நான்காம் வாய்ப்பாடு 4, 8, 2, 6, 0 என்று போய் ஐந்து முனை நட்சத்திரம் ஆகும். மூன்று, பத்து முனை நட்சத்திரம். ஏழாம் வாய்ப்பாட்டுக்குப் போகும்போது அதே கோலம் திரும்ப வரும், ஆனால் சுண்ணக்கட்டி எதிர்ப்பக்கமாக ஓடும், அப்போது யாராவது ஒரு பிள்ளை கத்தும். ஏழும் மூன்றும் சேர்ந்தால் பத்து என்பதை அந்த இடத்தில் அவர்களாகவே பிடித்துவிடுவார்கள். இரண்டுக்கும் எட்டுக்கும் என்ன கோலம் வரும் என்பதை நான் எழுதாமல் விடுகிறேன், நீங்களும் வீட்டில் முன்கூட்டிப் போட்டுப் பார்க்காமல் வகுப்புக்குப் போங்கள்.