அம்பாசடர் மார்க் 2: ஸ்டார்ட்டர் சுழல்கிறது, இன்ஜின் பற்றவில்லை

பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்ற வேண்டாம். முதலில், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் காண்டாக்ட் பாயிண்ட்டை (மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் பாகம்) சுத்தம் செய்யுங்கள். மழைக்காலம் முழுவதும் நிறுத்தி வைத்த வண்டியில் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுழன்று, கார்புரேட்டர் வரை பெட்ரோலும் வந்து, இன்ஜின் மட்டும் பற்றவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதால், பாயிண்ட்டின் முகத்தில் ஈரத்தால் படலம் படிந்து மின்னோட்டம் தடைபட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். மெல்லிய உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துத் துடைத்து, பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும் நிலையில் இடைவெளியை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) கொண்டு 0.4 மி.மீ. அளவில் வையுங்கள்.

பிறகு, பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயிலிலிருந்து வரும் தடித்த வயரை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து உருவி, அதன் நுனியை இன்ஜின் பிளாக்கிலிருந்து சுமார் 6 மி.மீ. தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஒருவரை ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்லுங்கள். பொறி நீலமாகத் தெறிக்க வேண்டும். மஞ்சளாக, மெலிந்து வந்தால் பாயிண்ட்டோடு கண்டென்சரையும் (பாயிண்ட்டில் பொறி பறப்பதைக் குறைக்கும் சிறு பாகம்) மாற்றிவிடுங்கள். பாயிண்ட்டை மாற்றிவிட்டுப் பழைய கண்டென்சரை விட்டுவைப்பது அரைகுறை வேலை.

வயரை வெறுங்கையால் பிடிக்காமல் காப்பிட்ட குறடால் பிடியுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.