குப்பைக் கிடங்கின் கறுப்புத் தண்ணீர் ஓடைக்குப் போகாமல் இருக்க

கேள்வி: எங்கள் நகராட்சி உரக்கிடங்கு ஐந்து ஏக்கர். அடியில் லைனர் (தண்ணீர் நிலத்துக்குள் இறங்காமல் தடுக்கும் விரிப்பு) கிடையாது, பல வருடக் குப்பை மேடாகக் கிடக்கிறது. போன வருடம் மேட்டின் அடிவாரத்தை ஒட்டி ஜேசிபி வைத்து மண் கரை போட்டோம். தாழ்வான மூலையில் 20 மீட்டருக்கு 20 மீட்டரில், இரண்டரை மீட்டர் ஆழத்துக்குக் குட்டை வெட்டினோம். ஐப்பசியில் இரண்டே மழையில் குட்டை நிரம்பி, கறுப்புத் தண்ணீர் ஓடையில் கலந்துவிட்டது. இப்போது ஒரு கம்பெனி, நாளுக்கு 20 ஆயிரம் லிட்டர் சுத்திகரிக்கும் நிலையத்துக்கு விலைப்புள்ளி கொடுத்திருக்கிறது. அது போதுமா? பக்கத்துத் தோப்புக்காரர் அந்தத் தண்ணீரைத் தென்னைக்குக் கேட்கிறார், கொடுக்கலாமா?
— ஒரு சுகாதார ஆய்வாளர்

பதில்: விலைப்புள்ளியை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். முதலில் ஒரு சின்னக் கணக்கு போடுவோம்.

ஒரு ஏக்கரில் 1 மி.மீ. மழை பெய்தால் அது சுமார் 4,000 லிட்டர். உங்கள் ஐந்து ஏக்கரில் 10 செ.மீ. மழை என்றால் 20 லட்சம் லிட்டர். உங்கள் குட்டை விளிம்பு வரை நிரம்பினாலும் 10 லட்சம் லிட்டர்தான் கொள்ளும். குப்பை கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் உறிஞ்சியது பிறகு கசிவுநீராக, அதாவது அந்தக் கறுப்புத் தண்ணீராக, வெளியே வரும், உறிஞ்சாதது குப்பையைக் கழுவிக்கொண்டு அப்போதே ஓடிவரும். நாளுக்கு 20 ஆயிரம் லிட்டர் நிலையம் அந்த 20 லட்சத்தை முடிக்க 100 நாள் ஆகும். ஐப்பசி மழையைத் தை மாதத்திலும் சுத்தம் செய்துகொண்டிருப்பீர்கள், அதுவும் நடுவில் வேறு மழையே பெய்யாவிட்டால்.

ஆக, உங்கள் பிரச்சினையில் பெரும்பங்கு மழைத்தண்ணீர். அது குப்பையைத் தொடாமல் வெளியேறினால் செலவில்லை. தொட்டுவிட்டால் லிட்டருக்கு இவ்வளவு என்று காசு கொடுக்க வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் செய்ய வேண்டிய வேலைகள் எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

வெளி நிலம் உயர்ந்திருக்கும் பக்கத்தில், கிடங்கின் எல்லையில் ஒரு வடிகால் வெட்டி, வெளியிலிருந்து வரும் தண்ணீரைச் சுற்றிக் கொண்டுபோய் ஓடையில் விடுங்கள். பல கிடங்குகளில் பக்கத்து நிலத்துத் தண்ணீரும் ரோட்டுத் தண்ணீரும் குப்பைக்குள் புகுந்துதான் போகிறது. இந்த வடிகாலும் கசிவுநீர் வாய்க்காலும் எந்த இடத்திலும் சந்திக்கக் கூடாது. மழை நேரத்தில் இரண்டுக்கும் ஒரே குழாய் போட்டுச் சமாளிப்பது நம் ஊரில் சகஜம். அன்றோடு மொத்தத் தண்ணீரும் கசிவுநீராகிவிடும்.

அடுத்தது மூடுவது. தினமும் குறைந்தது 10 செ.மீ. மண்ணோ கட்டட இடிபாடோ போட வேண்டும், மழைக்காலத்துக்கு முன் 40 முதல் 65 செ.மீ. வரை மண் போட்டு இறுக்கி, தண்ணீர் வழிந்தோடும்படி சரிவு கொடுக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லியிருந்தன. அவ்வளவு மண்ணுக்கு எங்கே போவது என்பீர்கள். சரி, மேட்டின் தலைப்பகுதிக்கு மட்டுமாவது மண் போட்டு, நடுவில் தண்ணீர் தேங்கும் பள்ளங்களை முதலில் நிரப்புங்கள். பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் முழுக்க உள்ளேதான் இறங்கும். பக்கச் சரிவுகளுக்குத் தார்ப்பாய் போதும். ஓடு வேய்வது போல, மேல் பாயின் விளிம்பு கீழ் பாயின் மேல் படிய வேண்டும். பறக்காமல் இருக்கப் பழைய டயர் வைப்பார்கள். வேண்டாம், டெங்கு கொசுவை நாமே வளர்த்த மாதிரி ஆகிவிடும். மணல் மூட்டை வையுங்கள். மழை மாதங்களில் குப்பை கொட்டும் இடம் ஒரு சின்ன மூலையாக இருக்கட்டும். பயோமைனிங் (பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் வேலை) நடந்தால், அந்த நேரத்தில் புதிய முகப்பு எதையும் திறந்து போட வேண்டாம்.

இப்போது அந்த மண் கரை. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது அதுதான். மேட்டின் அடிவாரத்தை ஒட்டி வெறும் மண்ணால் அடைத்தால், வெளியே வர வேண்டிய தண்ணீர் உள்ளேயே ஏறி நிற்கும். தண்ணீர் ஊறிய குப்பைமேடு சரியும். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடி, 30 பேருக்கு மேல் இறந்தார்கள். உயரம், இளகிய நிலம், மழைத்தண்ணீர் எல்லாம் அங்கே சேர்ந்துகொண்டன. உங்கள் மேடு அவ்வளவு பெரிதாக இருக்காதுதான். ஆனாலும் சரிவில் விரிசலோ, பாதியில் ஈரத் திட்டோ, அடிவாரம் பிதுங்குவதோ தெரிந்தால் அந்தப் பக்கம் ஆள், வண்டி எதையும் விடாதீர்கள்.

கரையை இடிக்கச் சொல்லவில்லை. கரைக்கும் குப்பைக்கும் நடுவே ஒரு பள்ளவாய்க்கால் வேண்டும். ஒரு மீட்டர் ஆழம், 60 செ.மீ. அகலம், நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் சாய்வு. அடியிலும் கரைப் பக்கச் சுவரிலும் எச்டிபிஇ (கெட்டியான பிளாஸ்டிக்) ஷீட் விரித்து, துளையிட்ட 160 மி.மீ. குழாயை வைத்து, சுற்றிலும் 40 மி.மீ. ஜல்லி. கருங்கல் ஜல்லியாகப் பார்த்து வாங்குங்கள். சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் கசிவுநீர் அதைக் கரைத்து, கரைந்தது மறுபடி படிந்து குழாயை அடைத்துவிடும். குழாயின் மேல் முனையை நிலத்துக்கு மேலே நீட்டி மூடி போட்டு வைத்தால், அடைத்துக்கொள்ளும்போது சாக்கடை அடைப்பு எடுக்கும் ஜெட்ராடிங் வண்டியை வைத்தே சுத்தம் செய்துவிடலாம். ஒரே மூச்சில் வெட்ட வேண்டாம். பத்துப் பத்து மீட்டராக வெட்டி, நிரப்பி, நகருங்கள். அடிவாரத்தை நீளமாகத் தோண்டிப் போட்டாலும் மேடு சரியும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் பொறியாளர் நேரில் வந்து பார்க்காமல் ஜேசிபியை இறக்காதீர்கள்.

குட்டைக்கு வருவோம். 30 செ.மீ. மழையில், வாய்க்கால் வழியாக ஒரு சொட்டு வராமலேயே குட்டைக்குள் 1.2 லட்சம் லிட்டர் சேர்ந்துவிடும். மழைக்கு முன் அதைக் காலியாக வைத்திருப்பதுதான் முக்கியம். கோடையில் வெயிலே பாதி வேலையைச் செய்யும். விளிம்புக்கு 60 செ.மீ. கீழே சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போடுங்கள். தண்ணீர் கோட்டைத் தொட்டால், யாரிடமும் கேட்காமல் காவலாளி பம்ப்பைப் போட வேண்டும். பம்ப் டீசலில் ஓடட்டும், அடைமழையில் கரண்ட்டை நம்ப முடியாது. பம்ப்பின் உறிஞ்சு குழாய் அடிமுனையில் இருக்கும் ஃபுட்வால்வில் பிளாஸ்டிக் கவர் வந்து ஒட்டிக்கொண்டு பம்ப் வெறுமனே ஓடும். கம்பிவலைக் கூடைக்குள் வால்வை இறக்கினால் அந்தத் தொல்லை குறையும்.

பம்ப் அடித்து எங்கே விடுவது? திரும்ப மேட்டின் தலையில் ஊற்றுவது லைனர் உள்ள கிடங்கில் கோடைக்குச் சரி. லைனர் இல்லாத உங்கள் கிடங்கில் அது நேராக நிலத்தடிக்கே போகும். டேங்கரில்தான் ஏற்ற வேண்டும். பக்கத்துப் பாதாளச் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்தில் அனுமதி வாங்கி, அங்கே வரும் கழிவுநீரில் நூற்றுக்கு ஒரு பங்கு என்ற அளவில் ஆரம்பியுங்கள். சாக்கடையில் விடும் கசிவுநீருக்கு பிஓடி (நுண்ணுயிர் தின்னக்கூடிய அழுக்கின் அளவு) லிட்டருக்கு 350 மில்லிகிராம்தான் என்று 2016 விதிகள் வரம்பு வைத்திருந்தன, அதனால் பரிசோதனை அறிக்கை கையில் இருக்க வேண்டும். நிறையச் சிந்துவது டேங்கர் ஏற்றும் இடத்தில்தான். குட்டையை நோக்கிச் சாய்ந்த ஒரு கான்கிரீட் தளமும், மேல்மூடி பக்கத்தில் ஓர் ஆளும் இருந்தால் போதும். சிந்தினால் தண்ணீர் அடித்துக் கழுவாதீர்கள். மண்ணைப் போட்டு ஊறவைத்து, அள்ளி மேட்டில் சேருங்கள்.

காயல்பட்டினத்தில் 2023 டிசம்பரில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியதே, அப்படி ஒரு மழைக்கு எந்தக் குட்டையும் தாங்காது. அதற்காகக் குட்டைக்கும் கல் பதித்த ஒரு கலங்கல் வேண்டும். வழிந்தால் அந்த இடத்தில்தான் வழிய வேண்டும், கரை உடையக் கூடாது. வழியும் நிலை வந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும், விஏஓவுக்கும், ஓடையில் தண்ணீர் எடுப்பவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ராத்திரியில் சத்தமில்லாமல் திறந்துவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. மீன் செத்து மிதந்தால் காலையில் ஊருக்கே தெரிந்துவிடும்.

நாற்றம் போக பிளீச்சிங் பவுடரைக் கொட்டச் சொல்வார்கள், கேட்காதீர்கள். கசிவுநீரில் இருக்கும் அமோனியாவோடு சேர்ந்து அது மூச்சை அடைக்கும் குளோரமின் வாயுவைக் கொடுக்கும். கசிவுநீர் சேரும் சம்ப்புக்குள் (தொட்டிக்குள்) அடைப்பு எடுக்க எக்காரணம் கொண்டும் ஆளை இறக்கக் கூடாது. உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு நிற்கும். அளவு கூடினால் மூக்குக்கு அதன் வாடையே தெரியாது.

இதெல்லாம் முடிந்த பிறகு, ஒரு மழைக்காலம் முழுக்க எவ்வளவு கசிவுநீர் வருகிறது என்று அளந்து வைத்துக்கொண்டு, அந்தக் கம்பெனியைக் கூப்பிடுங்கள். பழைய குப்பையின் கசிவுநீரில் நுண்ணுயிர் தின்னக்கூடிய சரக்கு அவ்வளவாக இருக்காது. வெறும் ஏரேஷன் டேங்க்கை (காற்று அடித்து நுண்ணுயிரை வேலை செய்ய வைக்கும் தொட்டியை) விற்கப் பார்த்தால், பிஓடி, சிஓடி (வேதிமுறையில் அளக்கும் மொத்த அழுக்கு) இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். பிஓடி சிஓடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லையென்றால் அந்த முறை உங்களுக்கு உதவாது. ஆர்ஓ என்றால், மிஞ்சும் உப்புத்தண்ணீர் எங்கே போகும் என்று கேளுங்கள். நான் பார்த்தவரை, அந்தக் கேள்விக்குப் பதில் விலைப்புள்ளியில் இருக்காது.

தென்னைக்குக் கொடுக்க வேண்டாம். நிலத்தில் விடும் கசிவுநீருக்கு லிட்டருக்கு பிஓடி 100, கரைந்த உப்பு 2,100 மில்லிகிராம் என்று 2016 விதிகள் வரம்பு வைத்திருந்தன. மழை கலக்காத கசிவுநீர் சாதாரணமாகவே இதைத் தாண்டும். தென்னை உப்பைக் கொஞ்சம் தாங்கும், அவர் கிணறு தாங்காது. பேட்டரியிலிருந்தும் ட்யூப்லைட்டிலிருந்தும் வரும் உலோகம் வேறு அதில் இருக்கிறது. பதிலுக்கு அவர் கிணற்றுத் தண்ணீரை மழைக்கு முன்னும், மழையின்போதும், பின்னும் பரிசோதித்துக் கொடுங்கள். எப்படியும் கிடங்கின் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் நிலத்தடி நீரைப் பார்க்க வேண்டியது உங்கள் பொறுப்பு. குளோரைடும் அமோனியாவும் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் அவருக்குக் குடிதண்ணீர் லாரிக்கு ஏற்பாடு செய்துவிட்டு, அப்புறம் லைனர் போட்ட புதிய செல் (குப்பை நிரப்பும் பகுதி) பற்றி ஆணையரிடம் பேசுங்கள்.